ஒரு மாதிரியாக இருந்த காலம்

நான் இலங்கைக்குத் "திரும்பி" வந்தபோது எனக்குப் பதினேழு வயது. அதற்கு முன் இந்த நாட்டை நான் பார்த்ததே இல்லை. ஷெல்லடிக்குத் தப்பி விடத்தல்தீவிலிருந்து வள்ளமேறிப் போன அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்தவள் நான். அப்பா அங்கேயே இறந்துபோனார். சண்டை முடிந்து சில வருடங்கள் கழித்து, "ஊருக்குப் போவம்" என்றார் அம்மா. எனக்கு ஊர் என்றால் முகாம்தான்.

விடத்தல்தீவு வீட்டுக்குக் கூரை இல்லை. மன்னார் உப்புக்குளத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தோம். அம்மா நண்டுக் கொம்பனியில் சதை பிரிக்கும் வேலைக்குப் போனார். பள்ளிக்கூடத்தில் நான் "ஆமா" என்று சொன்னதும் வகுப்பே சிரித்தது. பொல்லாத சிரிப்பு இல்லை. இங்கே எல்லாரும் "ஓம்" என்பார்கள்; நான் படத்தில் வருகிறவர்கள் போலப் பேசுகிறேனாம். "இன்னொருக்காச் சொல்லு" என்று ஆசையாகக் கேட்பார்கள். மெல்ல மெல்ல வாய் திறப்பதை விட்டேன். பிறகு பள்ளிக்கூடத்தையே விட்டேன். சோறு தொண்டையில் நின்றது. யாரோ முழங்கையை ஊன்றியிருப்பது போல நெஞ்சு அடைத்தது. அம்மா மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தார், ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போனார்.

தொண்டையில் ஒன்றுமில்லை என்று, மனக்கஷ்டங்களைக் கேட்டு உதவும் ஓர் அக்காவிடம் அனுப்பினார்கள். மன்னார்க்காரி. மெல்லிய குரல்.

"பிள்ளை, கனக்க யோசிக்கிறீங்களோ?"

கனப்பது என்றால் எனக்குப் பாரம். யோசிப்பது, பரீட்சையில் விடை எழுதுமுன் செய்வது.

"யோசிக்கவே முடியல அக்கா."

அவர் முகம் தெளிந்தது. "அது நல்லது. யோசிக்கக் கூடாது."

இங்கே கனக்க என்றால் நிறைய என்பதும், யோசிப்பது என்றால் கவலைப்படுவது என்பதும் எனக்குத் தெரியாது. ஒரே தமிழில் பேசிக்கொண்டதாக நினைத்து இருவரும் பிரிந்தோம்.

அதன்பிறகு அம்மாவோடும் பேச்சு நின்றது. அவர் வேலைக்குப் போனதும், ஒழுங்கையில் போகிறவர்களின் சத்தத்தைக் கேட்டபடி பாயில் கிடப்பேன். எல்லாருக்கும் பேச யாரோ இருந்தார்கள்.

சில கிழமைகள் கழித்து அந்த அக்கா எங்கள் அறைக்கே வந்தார். பாயில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அண்டைக்கு நான் கேட்டது உங்களுக்கு வேற மாதிரி விளங்கியிருக்கு. இந்தியாவிலயிருந்து வந்த இன்னொரு பிள்ளை சொல்லித்தான் எனக்கே தெரிஞ்சது" என்றார். பிறகு, "முகாமில ஆருக்கும் மனசு சரியில்லையெண்டா எப்பிடிச் சொல்லுவீங்கள்?" என்று கேட்டார்.

"ஒரு மாதிரியா இருக்குன்னு சொல்லுவோம்."

"உங்களுக்கு ஒரு மாதிரியா இருக்கோ?"

"ஆமா."

அவர் சிரிக்கவில்லை. நான் அவர் மடியில் விழுந்து அழுதேன்.

என்னைப் போல வந்த நாலைந்து பேரை அவர் சனிக்கிழமைகளில் மாதா கோயில் மண்டபத்தில் கூட்டினார். முதல் நாள் வட்டமாகக் கதிரைகளைப் போட்டுக் கேள்வி கேட்டுப் பார்த்தார். எல்லாரும் நிலத்தைப் பார்த்தோம். அடுத்த கிழமை கதிரைகளை ஒதுக்கிவிட்டு வெங்காயமும் கத்தியும் கொண்டுவந்தார். முகாமில் வைப்பது போல் சாம்பார் வைத்தோம். வெங்காயம் உரிக்கும்போது பேச்சு தானாக வந்தது. எப்படிப் பேசினாலும் அங்கே யாரும் திருத்தவில்லை.

ஒருநாள் எங்களைத் தலைமன்னாருக்கு பஸ்ஸில் கூட்டிப்போனார். இந்தியா கிட்ட என்பதால் அங்கே கடற்கரையில் நின்றால் இந்தியச் சிம்முக்குச் சிக்னல் கிடைக்கும். முகாமில் பக்கத்து வீட்டிலிருந்த என் தோழியை அழைத்தேன்.

"நல்லா இருக்கியாடி?"

"ஓம்..." என்றேன், என்னை அறியாமல்.

"ஓமா? நீ சிலோன்காரியாவே ஆயிட்ட!" அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் ஏதோ சொல்லப் போனபோது தொடர்பு அறுந்தது. திரும்பத் திரும்ப அழைத்தும் கிடைக்கவில்லை.

அக்கா பக்கத்தில் வந்தார். "என்ன சொன்னவ?"

"மாறிட்டேனாம்." போனை அணைத்தேன். "இனிமே அங்கயும் எனக்கு ஆள் இல்ல அக்கா."

இல்லை, அப்படியில்லை என்று அவர் சொல்லவில்லை. "பஸ்ஸுக்கு நேரம் கிடக்கு. இருப்பம்" என்றார். வெயில் தாழும்வரை மணலில் இருந்தோம்.

திரும்பவும் பள்ளிக்கூடம் போனேன். சோறு இறங்கியது. நெஞ்சடைப்பு முழுதாகப் போகவில்லை. அது வரும்போது அம்மாவிடம் சொல்லப் பழகினேன். எங்களில் இரண்டு பேர் கள்ளமாக வள்ளமேறி இந்தியாவுக்கே போய்விட்டார்கள். ஒருத்தி வேலைக்குக் கட்டாருக்குப் போனாள். அக்காவுக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றம் கிடைத்தது. சனிக்கிழமைகளில் மண்டபம் பூட்டிக் கிடந்தது.

விடத்தல்தீவு வீட்டுக்கு ஓடு போட்டதும் அங்கே போனோம். அம்மாவைக் கண்டதும் அயல்சனமே திரண்டு வந்து கட்டிப்பிடித்து அழுதது. நான் பையோடு வேலியோரம் நின்றேன். ஒரு முகமும் எனக்குத் தெரியாது.

"இது ஆர்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"என்ர மகள்" என்றார் அம்மா.

அவள் பக்கத்திலிருந்த தன் வீட்டுக்குள் போய் ஒரு கதிரை கொண்டுவந்து போட்டாள். "இருங்கோ பிள்ளை. தேத்தண்ணி போடுறன்."

நான் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.