பீங்கானுக்கு வைத்த பொட்டு

நான் வேலை பார்க்கும் பட்டறையில் கரும்பு ஏற்றும் டிராக்டர் டிரெய்லர் கட்டுவோம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற ரோட்டில், தகரக் கூரை போட்ட நீளமான ஷெட். அங்கே எலக்ட்ரீஷியனும் நான்தான், மிஷின் ரிப்பேர் பார்ப்பவனும் நான்தான், வெல்டர்களை அதட்டுகிறவனும் நான்தான். எனக்குத் தெரியாத மிஷின் இந்த ஜில்லாவிலேயே இல்லை என்ற நினைப்பில் இருபது வருடம் ஓட்டிவிட்டேன். அந்த நினைப்பு என்னை என்ன செய்ய வைத்தது என்று எழுதப் போகிறேன். எழுதவே கூசுகிறது.

வெல்டிங் புகையை இழுத்துப் பிடிக்கும் மிஷின் வாங்கச் சொல்லி முதலாளியை ஒரு வருடம் நச்சரித்தது நான். மூன்று வெல்டர்கள் நாள் பூராவும் பற்றவைத்தால் மத்தியானத்துக்குள் ஷெட்டில் ஆள் முகம் தெரியாது. அதிலும் ஒரு வெல்டர் கல்வராயன் மலைக்காரர். என்னைவிட இரண்டு வயது பெரியவர், ஆனாலும் நான் அவரை வா போ என்றுதான் கூப்பிடுவேன். புகை அவருக்கு ஆகவே ஆகாது. சாயங்காலமானால் நெஞ்சைத் தடவிக்கொண்டு வெளியே போய் நிற்பார்.

முதலாளி கடைசியில் சம்மதித்தார். "வாங்கித் தரேன். ஆனா கெட்டுப்போச்சுன்னு எங்கிட்ட வந்து நிக்கக்கூடாது, ஆமா" என்றார். "என்னைத் தாண்டி அது கெட்டுடுமாங்க?" என்று நான் சிரித்தேன்.

மிஷின் வந்தது. அலமாரி அளவு இரும்புப் பெட்டி. உள்ளே ஃபேன் புகையை இழுக்கும். மெல்லிய கம்பிகளில் ஓடும் பெரிய வோல்டேஜ் புகைத்தூளில் மின்சாரத்தை ஏற்றும். அந்தத் தூள் அடுத்திருக்கும் அலுமினியத் தகடுகளில் போய் ஒட்டிக்கொள்ளும். சுத்தமான காற்று மறுபக்கம் வெளியே வரும். மாட்ட வந்த கம்பெனி ஆளுக்கு என் மகன் வயதுதான் இருக்கும். வெல்டிங் மேசைக்கு நேர் மேலே தொங்கவிட வேண்டும் என்று நான் அடம் பிடித்தேன். சுவரோரமாக மாட்டினால்தான் காற்று ஷெட்டைச் சுற்றி வரும் என்று அவர் பொறுமையாகச் சொல்லி, பெட்டியின் பக்கவாட்டில் இருந்த அம்புக்குறியைக் காட்டினார். அரைமணி நேரம் வாதாடித் தோற்றேன். பெட்டியைச் சுவரில் தாங்கும் ஆங்கிள் சட்டத்தை மலைக்காரர்தான் பற்றவைத்தார். எர்த் குழி மட்டும் நானே வெட்டி, கரியும் உப்பும் போட்டு மூடினேன்.

தகடுகளை வாரம் ஒருமுறை கழற்றிச் சோப்புத் தண்ணீரில் அலசி, வெயிலில் நன்றாகக் காயவைக்கச் சொன்னார் கம்பெனி ஆள். தகடுகளைத் தாங்கி நிற்கும் வெள்ளைப் பீங்கான் குமிழ்களைத் தொட்டுக் காட்டி, "இதுல மட்டும் பிசுக்கு, தூசி எதுவும் இருக்கவே கூடாதுங்க சார். இருந்தா கரண்ட் அதுமேல ஏறிடும்" என்றார். பிறந்ததிலிருந்தே தெரிந்தவன் மாதிரி தலையாட்டினேன்.

ஆயுதபூஜை வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போனது. சாயங்காலம்கூட ஷெட்டின் அந்தக் கோடி தெரிந்தது. மலைக்காரர் வெளியே போய் நிற்பதை விட்டுவிட்டார்.

எங்கள் பட்டறையில் பூஜைக்கு ஒரு வழக்கம் உண்டு. மிஷினை வெளியே துடைத்துப் பொட்டு வைத்தால் போதாது. திறந்து, உள்ளே எது முக்கியமோ அதற்கும் வைக்க வேண்டும். டிரில்லிங் மிஷினுக்கு மோட்டாரில், வெல்டிங் செட்டுக்கு உள்ளே இருக்கும் காயிலில். அந்த வருடம் புது மிஷினுக்கு நானே வைப்பேன் என்று தகடுகளைக் கழற்றினேன். அலசிக் காயவைத்த பிறகு பார்த்தால், அந்த வெள்ளைக் குமிழ்கள் குளித்துவிட்டு வந்த நெற்றி போல இருந்தன. எல்லாவற்றுக்கும் திருநீற்றைக் குழைத்துப் பூசி, சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் இட்டேன். கம்பெனி ஆள் சொன்னது ஞாபகம் இல்லாமல் இல்லை. சாமிக்கு வைப்பது பிசுக்காகுமா என்று நினைத்தேன். அப்படியே மாட்டி, சூடம் காட்டினோம்.

விஜயதசமி காலையில் ஸ்விட்சைப் போட்டதும் உள்ளே படபடவென்று வெடித்தது. சந்தனம் கருகுகிற வாசனை வந்தது. பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரிந்தது. நல்லவேளை, யாரும் வந்திருக்கவில்லை. அவசரமாகக் கழற்றிப் பார்த்தேன். இரண்டு குமிழ்கள் கீறல் விட்டு, மேலே கரிக்கோடு ஓடியிருந்தது. வோல்டேஜ் ஏற்றும் பவர் பேக்கும் போய்விட்டது.

கம்பெனிக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும். ஆனால் வருகிறவர், துடைத்தும் போகாமல் குமிழில் கருகி ஒட்டியிருக்கும் குங்குமத்தைப் பார்ப்பார். அந்தச் சின்னப் பையனிடம் வாதாடித் தோற்ற நான், இப்போது அவன் முன்னால் பொட்டோடு நிற்க வேண்டும். முதலாளி வேறு கேட்பார். அதனால் பவர் பேக்குக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டு, பச்சை விளக்கை ஃபேன் லைனில் சேர்த்துக் கட்டினேன். ஃபேன் ஓடும், பச்சை எரியும். புகை ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் அப்படியே வெளியே வரும். இரண்டு நாளில் ஏதாவது வழி பண்ணலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு நாள் இரண்டு மாதமானது. மழை பிடித்துக்கொண்டது. சர்க்கரை ஆலையில் அரவை தொடங்குவதற்குள் டிரெய்லர்களை முடித்துக் கொடுக்க வேண்டும் என்று எல்லோரும் பறந்தோம். மிஷின் இல்லாத காலத்தில் மழை பெய்தாலும் ஷட்டரைப் பாதியாவது தூக்கி வைப்போம். இப்போதுதான் பச்சை எரிகிறதே! சாரலுக்குப் பயந்து எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, அந்த மூடிய ஷெட்டில் பற்றவைத்தார்கள். நான் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு வெளி வேலையாகவே சுற்றினேன். மிஷினே வாங்காமல் இருந்திருந்தால் அவர்கள் நல்ல காற்றையாவது சுவாசித்திருப்பார்கள்.

ஒருநாள் மலைக்காரர் என்னிடம் வந்து, "மிஷின் ஓடுதுங்களா சார்?" என்று கேட்டார்.

"பச்சை எரியுது பாரு. உனக்கு இன்னா கண்ணு தெரியலயா?" என்றேன். அவர் திரும்பிப் போய், விட்ட இடத்திலிருந்து பற்றவைக்கத் தொடங்கினார்.

அடுத்த வாரம் அவர் வேலைக்கு வரவில்லை. பெரியாஸ்பத்திரியில் காட்டி, மூச்சுக்கு உறிஞ்சும் மருந்து கொடுத்திருக்கிறார்கள், மலைக்குப் போய்விட்டார் என்று தெரிந்தது. முதலாளி டீ குடித்துக்கொண்டே, "மலைக்காரனுக்குக் கீழ்நாட்டு மழை ஒத்துக்கல போலக்குது" என்று சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அன்று சாயங்காலம் முதலாளியைத் தனியாகப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். காது கூசத் திட்டினார். திட்டியதெல்லாம் மிஷினைக் கெடுத்ததற்குத்தான். கம்பெனி ஆள் வந்து, குங்குமக் கறையைப் பார்த்தும் சிரிக்காமல், குமிழையும் பவர் பேக்கையும் மாற்றிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளிமலை பஸ் ஏறினேன். வழி கேட்டுக் கேட்டு அவர் வீட்டைக் கண்டுபிடித்தபோது, வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவசரமாக எழுந்து நின்றார். உட்காரச் சொல்லி, நானும் பக்கத்தில் உட்கார்ந்து, பொட்டு வைத்ததிலிருந்து பச்சை விளக்கு வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். ஏசுவார், சட்டையைப் பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தெரியுங்க சார்" என்றார்.

"இன்னா தெரியும்?"

"மிஷின் ஓடலைன்னு. மூக்கு சிந்துனா கருப்பா வந்துக்கினு இருந்துச்சு. நடுவுல கொஞ்ச நாளு அது நின்னு போயிருந்துச்சு, மறுபடியும் வந்துச்சு. அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன்யா சொல்லல?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒருவாட்டி கேட்டேனுங்களே. எரியுதுன்னு சொன்னீங்க. நீங்க பொய் சொல்றீங்கன்னு எப்படிங்க திருப்பிக் கேக்கறது? எனக்குத்தான் கூச்சமா பூட்டுது."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவரை அப்படி மரியாதையாக நான் பேசியது அதுதான் முதல் தடவை. அது எங்கள் இருவருக்குமே சங்கடமாக இருந்தது. அவர் மனைவி வேகவைத்த மரவள்ளிக்கிழங்கைத் தட்டில் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"சாப்டுங்க சார், ஆறிடும்" என்றார் மலைக்காரர். சொல்லும்போதே அவருக்கு இருமல் முட்டியது. வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு எழுந்தார். என் காதில் விழக்கூடாது என்று வீட்டுக்குப் பின்பக்கமாக நடந்து போனார். அங்கே அவர் இருமி முடிக்க வெகுநேரம் ஆனது.