குசுமாவதி பெரியம்மாவின் ட்ரெய்லர் விளக்குகள்

யாராவது "முடியாது" என்று சொன்னால் என் பெரியம்மா குசுமாவதி ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "ஏன் முடியாது?" கோபமாகக் கேட்க மாட்டார். ஆனால் பதில் வரும்வரை அந்த இடத்தை விட்டு நகரவும் மாட்டார்.

பெரியம்மாவுக்கு நாற்பத்தாறு வயது. திருவண்ணாமலையில், ரமணாசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு வாடகைக் கடையில் ஒன்பது வருடம் கடலை எண்ணெய் ஆட்டினார். போன தை மாதம் கட்டடத்துச் சொந்தக்காரர் வந்து, லாட்ஜ் கட்டப்போவதால் காலி செய்யச் சொன்னார். வேறு கடை தேடிப் பார்த்தார். அந்தப் பக்கம் இருந்த கடையெல்லாம் காபி ஷாப்பாக மாறிக்கொண்டிருந்தது.

"இனிமே இடமே வேணாம். செக்கு என் கூட வரட்டும்" என்றார்.

வெல்டிங் பட்டறையில் இரண்டு சக்கரத்தில் ஒரு ட்ரெய்லர் செய்யச் சொன்னார். அதில் செக்கு, மோட்டார், ஜெனரேட்டர் மூன்றும் ஏறின. இழுப்பதற்கு அவருடைய கார் இருந்தது, வாங்கி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அதன் பின்னால் இழுவைக் கொக்கியையும் அதே பட்டறையில் வைத்தார்கள். கடலை போடும் ஊர்களுக்கு அவரே ஓட்டிக்கொண்டு போய், வீட்டு வாசலிலேயே ஆட்டிக் கொடுப்பதாகத் திட்டம். கீழ்பென்னாத்தூரில் மூன்று குடும்பங்கள் கடலையைக் காயவைத்து மூட்டை கட்டிக் காத்திருந்தார்கள்.

ஒன்றுதான் பாக்கி. ட்ரெய்லருக்குப் பின்னால் விளக்கு எரிய வேண்டும். காரில் பிரேக் போட்டால் ட்ரெய்லரிலும் சிவப்பு எரிய வேண்டும், இண்டிகேட்டர் போட்டால் அங்கேயும் மினுக்க வேண்டும். அது இல்லாமல் ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர் பாஸ் பண்ண மாட்டார். கடையையும் விட்டாகிவிட்டது, ட்ரெய்லர் பாஸாகாவிட்டால் பெரியம்மாவுக்குத் தொழிலே இல்லை.

கார் ஷோரூமுக்குப் போனார். அங்கிருந்த தம்பி கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "மேடம், இந்த மாடலுக்குக் கம்பெனியில ஹூக்கும் கிடையாது, வயரிங்கும் கிடையாது. வெளியில கை வெச்சா வாரண்டி போயிடும். வண்டிக்குள்ள இருக்கற கம்ப்யூட்டர், கண்ட்ரோல் யூனிட்டே போனாலும் போயிடும்" என்றான்.

"எப்படிப் போகும்?"

"போயிடும் மேடம்."

"அதான் எப்படி?"

அவனுக்குத் தெரியவில்லை. மேனேஜரைக் கூப்பிட்டான். அவருக்கும் தெரியவில்லை. பெரியம்மா அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "தெரிஞ்சவங்க கிட்ட கேட்டுக்கறேன்" என்று எழுந்து வந்துவிட்டார்.

செங்கம் ரோட்டில் மாறன் என்பவர் வண்டிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை செய்கிறார். பழைய வண்டியில் செய்வது போலவே காரின் பின்விளக்கு வயரைச் சுரண்டி, ட்ரெய்லர் வயரை அதோடு முறுக்கினார். இண்டிகேட்டர் போட்டதும் டேஷ்போர்டில் மஞ்சள் எச்சரிக்கை வந்தது. அந்தப் பக்கத்து விளக்கு மொத்தமும் அணைந்தது.

மாறன் பயந்துபோய் வயரைப் பிரித்தார். வண்டியை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்ததும் விளக்கு திரும்ப வந்தது.

"அக்கா, இதுல எல்லாமே கம்ப்யூட்டரு. கரண்ட் ஜாஸ்தி இழுத்தா அதுவே கட் பண்ணிடுது. வேணாங்க்கா, என்னைய விட்டுடுங்க."

பெரியம்மா விடவில்லை. "நம்ம கெணத்து மோட்டரு எப்படி ஓடுது மாறா? பட்டன அமுக்கறோம். மோட்டருக்குப் போற கரண்ட் பூரா அந்தப் பட்டன் வழியாவா போகுது? பட்டன் தகவல் சொல்லுது, ஸ்டார்ட்டர் பொட்டி கரண்ட் விடுது. அப்படியே இங்க ஒரு பொட்டி வெச்சா என்ன?"

மாறன் சிரித்துவிட்டார். "ரிலே வெக்கச் சொல்றீங்க. பேட்டரியில இருந்து தனி வயர், தனி ஃப்யூஸ். காரோட வயர் சும்மா சிக்னல் மட்டும் தரும். பண்ணலாங்க்கா."

என் அப்பா ஜினதாசன் பெரியம்மாவுக்குக் கொழுந்தன். அவருக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. நாங்கள் ஜைனக் குடும்பம். பொழுது சாய்ந்தால் எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. அதனால் ஆறு மணிக்குள் எல்லோரும் வீடு வந்து சேர்ந்துவிடுவோம். அப்பா கேலியாகக் கேட்டார்: "இருட்டறதுக்குள்ள வீட்டுல இருக்கற நமக்கு எதுக்கு அண்ணி லைட்டு?"

"பின்னாடி பஸ்ஸு ஓட்டிட்டு வர்றவனுக்கு அது தெரியுமா? நான் பிரேக் போட்டா அவனுக்குத் தெரிஞ்சாப் போதும்."

இரண்டு நாளில் வேலை முடிந்தது. சாயங்காலம் நாலரை மணிக்குச் சோதித்துப் பார்த்தார்கள். பிரேக், இடது, வலது எல்லாம் சரியாக எரிந்தன. சாப்பாட்டு நேரம் நெருங்கவும் பெரியம்மா கிளம்பிவிட்டார். ஹெட்லைட்டைப் போட்டுப் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை. அந்தக் காரில் ஹெட்லைட் போட்டு எங்கள் வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸில் இன்ஸ்பெக்டர் அதைத்தான் முதலில் கேட்டார். "ஹெட்லைட்டப் போடும்மா."

போட்டார். ரிலே பெட்டி கடகடவென்று அடித்துக்கொண்டது. ஹெட்லைட்டோடு சேர்ந்து எரிய வேண்டிய ட்ரெய்லரின் சிவப்பு விளக்கு விட்டுவிட்டுத் துடித்தது.

"என்னம்மா இது, லைட்டா மின்மினிப் பூச்சியா?" என்றார் இன்ஸ்பெக்டர். லைசென்ஸுக்கு வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "சரி பண்ணிட்டு அடுத்த வாரம் கொண்டா."

வீட்டில் அப்பா, "ட்ரெய்லர வித்துடலாம் அண்ணி. செக்கு வாங்க ஆள் இருக்கு" என்றார். பெரியம்மா அவரைப் பார்க்கக்கூட இல்லை. ஐந்தரைக்குச் சாப்பிட்டு, கை கழுவி, இருட்டும்வரை வாசலில் காத்திருந்தார். பிறகு ட்ரெய்லரைக் கழற்றிவிட்டு, காரின் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுக் காரின் பின்பக்கம் போய்க் குந்தி உட்கார்ந்தார். கண்ணுக்கு எல்லாம் நன்றாகவே எரிந்தது. மாறனுக்கு அனுப்புவதற்காகப் போனில் வீடியோ எடுத்தார். போன் திரையில் காரின் பின்விளக்கு பட்டை பட்டையாக ஓடியது. பக்கத்தில் இருந்த நம்பர் பிளேட் விளக்கு மட்டும் அசையாமல் எரிந்தது.

உடனே மாறனைக் கூப்பிட்டார். "மாறா, பின்லைட்டு ஒழுங்கா எரியல. அணைஞ்சு அணைஞ்சு எரியுது. ரொம்ப வேகமா, அதான் நம்ம கண்ணுக்குத் தெரியல."

"ஐயோ, ஆமாங்க்கா! வெளிச்சத்தக் கம்மி பண்ண கம்ப்யூட்டர் அப்படிப் பண்ணுது. அது கூடவே நம்ம ரிலேவும் அடிச்சிக்குது."

"நம்பர் பிளேட் லைட்டு நிலையா எரியுதே. ஹெட்லைட் போட்டா அதுவும்தான் எரியுது. அதுல இருந்து சிக்னல் எடுத்தா?"

மாறனுக்குப் புரிந்துவிட்டது. "காலையில ஆறு மணிக்கு வண்டியக் கொண்டாங்க" என்றார்.

ஒரே ஒரு வயரை இடம் மாற்றினார்கள். இந்த முறை பகல் வெளிச்சத்தை நம்பாமல், கடை ஷட்டரை இறக்கி இருட்டாக்கி ஒவ்வொரு விளக்காகப் பார்த்தார்கள். பெட்டி ஒரு முறை 'டக்' என்றது, அவ்வளவுதான்.

அடுத்த வாரம் அப்பாவும் கூட வந்தார், வேடிக்கை பார்க்க. ஹெட்லைட், பிரேக், இடது, வலது என்று எல்லாவற்றையும் இன்ஸ்பெக்டர் இரண்டு முறை போடச் சொன்னார். எல்லாம் எரிந்தன.

"கம்பெனியே வயரிங் தராத வண்டி இது. கம்பெனி லெட்டர் இருக்கா?"

"இல்லைங்க சார். லெட்டர் வேணும்னு எந்த ரூல்ல இருக்குது? நம்பர் சொல்லுங்க, படிச்சிட்டு வரேன்."

இன்ஸ்பெக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பானெட்டைத் திறக்கச் சொல்லி, பேட்டரி பக்கத்தில் இருந்த ஃப்யூஸைத் தொட்டுப் பார்த்தார்.

"ஃப்யூஸ் எல்லாம் ஒழுங்காத்தான் போட்டிருக்கீங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் அப்பா, "வீட்டுக்குப் போயி ஒரு பூஜை போட்டுடலாம் அண்ணி. நல்ல நாள் பாத்து வெளிய எடுக்கலாம்" என்றார்.

"கீழ்பென்னாத்தூர்ல மூணு வீட்டுக்காரங்க மூட்டையோட நிக்கறாங்க. நான் நேரா அங்க போறேன். வர்றதுன்னா ஏறுங்க, இல்லன்னா பஸ் ஸ்டாண்டு அந்தப் பக்கம்."

அப்பா ஒரு நிமிஷம் வெயிலில் நின்றார். பெரியம்மா வண்டியை ஸ்டார்ட் செய்தார். அப்பா கதவைத் திறந்து உள்ளே ஏறினார்.