குச்சிக்கிழங்கு லோடும் மலைச்சாலையும்

கொல்லிமலையில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, பயிரிடும் விவசாயி நான். பிடுங்கிய கிழங்கை உடனே ஜவ்வரிசி ஆலைக்கு அனுப்பாவிட்டால் விலை இறங்கிவிடும். போன மழையில் அத்தனையையும் ஒரே லாரியில் ஏற்றச் சொன்னேன்.

"அனுமதிச்ச லோடு ஏத்தியாச்சுங்க. ஈர ரோடு தாங்காதுங்க" என்றார் டிரைவர்.

"ரோடு என்ன உங்க ஊட்டுதா? ஏத்துங்க!"

நானும் லாரியில் ஏறிக்கொண்டேன். கொண்டை ஊசி வளைவில் சாலையின் ஓரம் சக்கரத்தடியில் உள்வாங்கியது. மயிரிழையில் தப்பினோம்.

மறுநாள் நான் ஏறிய பஸ் அந்தப் பள்ளத்தைத் தாண்டவில்லை. எல்லோரும் இறங்கி நடந்தோம். பக்கத்து வீட்டு நிறைமாதக் கர்ப்பிணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எந்தப் பாவி ரோட்ட இப்படிப் பண்ணானோ, அண்ணா!"

"பாத்து வா, கண்ணு" என்றேன்.

இப்போதெல்லாம் லாரிக்கு அனுமதித்த அளவுக்குத்தான் பிடுங்குகிறேன். மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு கெடாது. அது அன்றைக்கும் எனக்குத் தெரியும்.