பார்க்காமல் போட்ட டிக்

ஸ்ரீரங்கத்தில் எல்.கே.ஜி. ஆசிரியை நான். மாதக் கடைசியில் இருபது குழந்தைகளின் மதிப்பீட்டுப் படிவங்களையும் ஒரே மூச்சில் நிரப்பிவிடுவேன். 'பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறாள்' என்ற இடத்தில் மீனாவுக்கும் டிக் போட்டிருந்தேன்.

ஒருநாள் பள்ளி விட்டதும் மீனா தனியாகத் தெருவில் இறங்கிவிட்டாள். பின்னால் ஓர் ஆட்டோ ஹாரன் அடித்தபடி வந்தது. "மீனா, நில்லு" என்று கத்தினேன். அவள் திரும்பவே இல்லை. டிரைவர் பிரேக் போட்டபோது இடைவெளி ஒரு முழம்தான்.

"குழந்தைக்குக் காது கேக்காதாங்க?" என்றார் அவர்.

பரிசோதனையில் அது உண்மை என்று தெரிந்தது. வகுப்பில் மற்ற பிள்ளைகள் திரும்புவதைப் பார்த்துத்தான் அவளும் திரும்பியிருக்கிறாள்.

"எனக்குச் சந்தேகம் இருந்துச்சு மிஸ். நீங்க டிக் போட்டிருந்ததை நம்பித்தான் டாக்டர்கிட்ட போகலை" என்றார் அவள் அம்மா.

இப்போது ஒவ்வொரு குழந்தையையும் தனியாக நிறுத்தி, முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிடுகிறேன். திரும்பினால்தான் பேனாவை எடுக்கிறேன்.