கடை மூட்டையும் வீட்டுப் பானையும்

அண்ணா, நீங்கள் விற்கிற உளுந்தை நீங்கள் சாப்பிடுவதில்லை.

நேற்று தஞ்சாவூரிலிருந்து உங்களைப் பார்க்க வந்தேன். கூடத்தில் அடுக்கியிருந்த உளுந்து மூட்டைகளிலிருந்து பூச்சிப்பொடி நெடி மூக்கில் ஏறியது. "அதுல கை வைக்காதம்மா, அது கடைக்கு. உனக்கு உள்ள பானையில இருக்கு" என்றீர்கள்.

அப்பாவும் இதையேதான் சொல்வார். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, விற்கப்போகும் உளுந்தில் வெள்ளைப் பொடியைத் தூவிக் கையால் கிளறுவார். வண்டு அரிக்காதாம். நமக்கு மட்டும் வேப்பிலை போட்ட பானையில் தனியாக இருக்கும். அதில் வண்டு விழும். அம்மா வெயிலில் கொட்டிப் புடைப்பாள்.

நம் சின்ன வயதில் ஒருநாள், பக்கத்துத் தெரு ஸ்டெல்லா அக்கா இடுப்பில் குழந்தையோடு உளுந்து வாங்க வந்தார். "புள்ள இப்பதான் இட்லி திங்க ஆரம்பிச்சிருக்கான். நீங்க சாப்பிடுறதுதானே அக்கா?"

"அதேதான்டி. ஒரு வண்டு இருக்கா பாரு! நாங்க என்ன, வீட்டுக்கு ஒண்ணு ஊருக்கு ஒண்ணா வச்சிருக்கோம்?" என்று சிரித்துக்கொண்டே அம்மா மூட்டையிலிருந்து அளந்து போட்டாள். அக்காவும் சிரித்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பையை விரித்துப் பிடித்தது நீங்கள்தான்.

நேற்று பானை உளுந்தை நானும் வாங்கிக்கொண்டுதான் ஊர் திரும்பினேன். அதை ஊறப்போட வெட்கமாக இருக்கிறது.

வருகிற சந்தையன்று உங்கள் கடைக்கு நானும் வருகிறேன். உங்களிடம் வாங்க நிற்பவர்கள் முன்னால், உங்கள் பேரன் தின்னும் இட்லி எந்த உளுந்தில் அரைத்தது என்று நீங்களே வாய்திறந்து சொல்லுங்கள்.