ஒருநாள் விட்டு ஒருநாள்

ராமநாதபுரத்து மனநல டாக்டர் முன்னால் மூன்றாம் முறை உட்கார்ந்தபோது, உண்மையைச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். படபடப்புக்கு அவர் தந்த மாத்திரையைத் தினமும் போடாமல், ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போட்டு வந்தேன். எங்கள் ராமேஸ்வரத்தில் படகு கடலுக்குப் போவதும் அப்படித்தான். போகிற நாளில் மாத்திரை போட்டு, சுக்கானைப் பிடித்தபடியே கண் அசந்து, படகு இலங்கை எல்லைக்குள் போய்விட்டால்? எட்டாம் வகுப்போடு நின்றவன் இதை டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

"குறையலேன்னா அளவைக் கூட்டிருவோமா?" என்றார். வேண்டாமென்று அவசரமாகக் கையாட்டினேன்.

எழுதப் போனவர் பேனாவை வைத்தார். "கடலுக்குப் போற நாள் எப்படிப் போகும்? முதல்ல இருந்து சொல்லுங்க."

மாதாவைக் கும்பிட்டு ஏறுவதைச் சொன்னேன். நிமிடத்துக்கொரு தரம் ஜிபிஎஸ்ஸைப் பார்க்கிற என்னை, "ஏலே, அது என்ன ஓடியா போயிரும்?" என்று கூட்டாளிகள் கிண்டல் செய்வதைச் சொன்னேன். அதே வேகத்தில், "அன்னைக்கு மட்டும் மாத்திரை போட மாட்டேன் சார்" என்பதும் வந்துவிட்டது.

"இத நான்தான் முன்னாடியே கேட்டிருக்கணும். தூக்கத்தைக் கொண்டுவராத வேற மாத்திரை தாரேன். ஒத்துக்குதான்னு பாக்க, ஒரு வாரம் கரையில இருங்க."

"வேற ஆளைப் போட்டுருவாக சார்!"

"படகு முதலாளி யார் பேச்சைக் கேப்பாரு?"

"பங்குச் சாமியார் சொன்னாக் கேப்பாரு."

"அப்ப சாமியாரைப் பாருங்க. தேவைன்னா அவரை என்கிட்ட பேசச் சொல்லுங்க."

ராமேஸ்வரம் வரும்வரை பஸ்ஸில், சாமியாரிடம் எந்த வார்த்தையில் தொடங்குவது என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.