கொட்டகையிலிருந்த பஸ் இஞ்சின்

இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில், புதுக்கோட்டையில் நான் படித்த ஹைஸ்கூலுக்கு ஒரு சயன்ஸ் வாத்தியார் வந்து சேர்ந்தார். அதற்கு முன் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். வேட்டி கட்டிய வாத்தியார்களுக்கு நடுவே அவர் ஒருவர்தான் முழுக்கால்சட்டை போட்டிருப்பார். நெம்புகோல் பாடம் நடத்தவேண்டிய அன்று எங்களை மைதானத்துக்குக் கூட்டிப்போய், என் கையில் ஒரு கடப்பாரையைக் கொடுத்து, மண்ணில் புதைந்து கிடந்த கல் உருளையைக் கிளப்பச் சொன்னார். நாலு பேர் சேர்ந்து தள்ளியும் அசையாத கல், நான் ஒருவன் அழுத்தியதும் அசைந்தது. அன்றைக்கே நான் அவர் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் இஞ்சினியரிங் வகுப்பு என்று ஒன்றை ஆரம்பித்தார். பரீட்சைக்கு வராத வகுப்பு, விருப்பமுள்ளவர்கள் வரலாம். நான் தங்கியிருந்த மாமா வீட்டில், "இரும்படிக்கவா ஒன்னயப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனாங்க?" என்று கேட்டார்கள். ஆனாலும் போனேன். எங்களில் ஏழெட்டுப் பேர் விடாமல் வந்தோம். என் பெஞ்சில் உட்காருபவன், கோட்டைப்பட்டினத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்தவன், எல்லாருக்கும் முன்னால் வந்து நிற்பான். அவன் வாப்பாவுக்குப் பாய்மரப் படகு இருந்தது. "காத்து விழுந்துபோனா எங்க ஆளுக நடுக்கடல்ல ஒக்காந்திருப்பாங்கடா. ஒரு இஞ்சினு மட்டும் இருந்துச்சுன்னா..." என்பான்.

ஒரு சனிக்கிழமை நாங்கள் போனபோது, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த கொட்டகையில், கருங்கல் கட்டைகளின் மேல் ஒரு பழைய பஸ் இஞ்சின் உட்கார்ந்திருந்தது. பெட்ரோல் கிடைக்காமல், கரியை எரித்து வரும் வாயுவில் பஸ்கள் ஓடிய காலம் அது. அப்படி ஓடி, புகையும் சாம்பலும் அடைத்து இறுகிப்போன இஞ்சின். பள்ளிக்கூடக் கமிட்டியில் இருந்த பஸ் முதலாளி கொடுத்ததாகச் சார் சொன்னார்.

"இனிமே இது நம்ம இஞ்சின்" என்றார். "ஓட வச்சுட்டோம்னா பள்ளிக்கூடக் கெணத்துல பூட்டிடலாம். மாடு இல்லாமத் தண்ணி ஏறுறதைப் பாக்க ஊரே வரும்."

அந்த 'நம்ம' என்ற சொல்லை நாங்கள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். மறுநாளிலிருந்து சாயங்காலமும் கொட்டகைக்குப் போக ஆரம்பித்தோம். இறுகிய பிஸ்டனைச் சுற்றி மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தோம். ரேஷனில் கிடைத்த மண்ணெண்ணெய். ஆளுக்குக் கொஞ்சம் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. கழற்றிய ஒவ்வொன்றையும் சாக்கு விரிப்பில் கழற்றிய வரிசையிலேயே வைக்கப் பழகினோம். தடித்த அட்டையை வெட்டி, எண்ணெயில் தோய்த்து, வால்வு மூடிக்கு எண்ணெய் கசியாமலிருக்க நாங்களே கேஸ்கட் செய்தோம். வால்வுகளைத் தேய்க்கிற வேலை எனக்கும் கோட்டைப்பட்டினத்தானுக்கும். விரல் தோல் உரியும்வரை தேய்ப்போம். சார் வால்வை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்" என்பார். மறுபடியும் தேய்ப்போம்.

பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போனபோது, இஞ்சினைப் பற்றி அப்பாவிடம் சொன்னேன். குடுமியான்மலைப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. மாடு பூட்டிக் கமலையில் தண்ணீர் இறைத்தே அப்பாவின் பொழுது போகும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மாடே இல்லாமயா?" என்று மட்டும் கேட்டார்.

மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அது ஓடியது. முதலாளி வீட்டிலிருந்து சார் ஒரு பாட்டில் பெட்ரோல் வாங்கி வந்திருந்தார். கோட்டைப்பட்டினத்தான் கிராங்க் கம்பியைச் சுழற்றினான். இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. கொட்டகைக் கூரையிலிருந்து தூசி கொட்டியது. நாங்கள் போட்ட கூச்சலில் ஹெட்மாஸ்டரே ஓடிவந்தார். சார் மட்டும் சிரிக்காமல் இஞ்சினையே பார்த்துக்கொண்டு நின்றார். களைப்பு என்று நினைத்தேன்.

மறுவாரம் திங்கட்கிழமை பள்ளிக்கூட ஆண்டு விழா. அப்பாவுக்குச் சொல்லியனுப்பினேன். காலையிலேயே வெள்ளை வேட்டியும் தோளில் புதுத்துண்டுமாக வந்து இறங்கினார். நேராகக் கொட்டகைக்குக் கூட்டிப்போனேன்.

கல் கட்டைகள் மட்டும் இருந்தன. தரையில் எண்ணெய் சொட்டிய தடம்.

"நேத்தே மொதலாளியோட ஆளுங்க வந்து வண்டியில ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க தம்பி" என்றார் வாட்ச்மேன். "சாருதான் கூட நின்னு ஏத்திவிட்டாரு."

அப்பா கொட்டகையை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல், "வெயிலு ஏறுது. நான் அங்கிட்டு நெழல்ல ஒக்காந்திருக்கேன்" என்று நகர்ந்துவிட்டார். நான் கதை சொன்னதாக அவர் நினைத்துவிட்டார் என்று எனக்குப் பட்டது.

கோட்டைப்பட்டினத்தானை இழுத்துக்கொண்டு சாரிடம் போனேன். லேபரட்டரியில் தனியாக இருந்தார். நான்தான் கேட்டேன். "இஞ்சின எடுத்துக்கிட்டுப் போவாங்கன்னு ஒங்களுக்கு முன்னாடியே தெரியுங்களா சார்?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து சார்?"

"மொத நாள்லேர்ந்து." அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. "அவரோட மெக்கானிக்கெல்லாம் பட்டாளத்துக்குப் போயிட்டாங்க. ரிப்பேர் பண்ணித் தாரேன்னு சொல்லித்தான் வாங்குனேன். இல்லாட்டி ஒங்களுக்கு நான் போர்டுல படம் போட்டுத்தான் காட்டியிருக்கணும்."

"நம்ம இஞ்சின்னு சொன்னீங்களே சார்."

"அப்படிச் சொல்லலேன்னா இவ்வளவு பாடுபட்டிருப்பீங்களாடா?"

"பட்டிருப்போம் சார்" என்றான் கோட்டைப்பட்டினத்தான். "சொல்லிப் பாத்திருக்கலாமுல்ல."

நாங்கள் வெளியே வந்தோம்.

சாயங்கால விழாவில் முதலாளிக்கு மாலை போட்டார்கள். மாணவர்கள் தொழில் கற்க இஞ்சின் கொடுத்து உதவிய வள்ளல் என்று ஹெட்மாஸ்டர் பேசினார். மேடை ஓரத்து நாற்காலியில் சாரும் உட்கார்ந்து கை தட்டினார். கூட்டத்தில் என் பக்கத்தில் இருந்த அப்பா என் கையை எடுத்து மடியில் வைத்து, உரிந்து காய்ந்த விரல் நுனிகளைத் தடவிப் பார்த்தார். "நெசமாத்தான் ஓட வச்சிருக்கே" என்றார் மெதுவாக. அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி மறுபடி திறந்ததும் முதலாளியின் இன்னொரு இஞ்சின் கொட்டகைக்கு வந்தது. இந்தத் தடவை, சரிசெய்து திருப்பிக் கொடுக்கவேண்டியது என்று சார் முதலிலேயே சொல்லிவிட்டார். கோட்டைப்பட்டினத்தான் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நான் போனேன். என் கைகளுக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. போனேனே தவிர, கேட்டதற்குப் பதில் சொல்வதைத் தாண்டி அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

பின்னாளில் நான் இஞ்சினியரிங் படித்ததும், அணைக்கட்டுகளில் வேலை பார்த்ததும் அவர் போட்டுக்கொடுத்த வழியால்தான். அதை மறுக்க என்னால் முடியாது. அதற்காகக் காயம் ஆறிவிடவும் இல்லை. அவர் எங்களை வேலை வாங்கியது எனக்குப் பெரிதில்லை. நிஜத்தைச் சொன்னால் ஓடிப்போய்விடுகிற பிள்ளைகள் என்று எங்களை எடைபோட்டாரே, அதுதான்.

ஆறாவது பாரம் என்கிற கடைசி வகுப்பு முடிந்து பள்ளியை விட்டுக் கிளம்பிய அன்று வாசலில் என்னை நிறுத்தினார்.

"இன்னும் கோவமாப்பா?"

"இல்லைங்க சார்" என்றேன்.

நம்பிவிட்டார். என் தோளில் கை வைத்து, மேல்படிப்பு, காலேஜ் என்று ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கையை எடுக்கும்வரை அசையாமல் நின்றுவிட்டு, பஸ் ஏறப் போனேன்.